நூறு மில்லிகிராம் பயோட்டின் பாட்டில்: விலை குறைந்தாலும் வேண்டாம்

சல்ஃபோ-என்.எச்.எஸ்.-எல்.சி.-பயோட்டின் நூறு மில்லிகிராம் பாட்டிலுக்கு விலை குறைத்திருக்கிறார்கள், வாங்கிப் போட்டுவிடலாமா அக்கா என்று பக்கத்து ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்யும் பெண் கேட்டாள். புரதங்களில் பயோட்டின் என்ற வைட்டமினை அடையாளமாக ஒட்டும் அந்தப் பொடியைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறவள் என்ற முறையில், அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். பயோட்டின் சின்ன மூலக்கூறு, எடை வெறும் 244 டால்டன். 150 கிலோடால்டன் ஆன்டிபாடியில் நாலைந்து ஒட்டினாலும் அது பெரும்பாலும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் ஒரு தடவை பயோட்டினைப் பிடித்துவிட்டால், உப்பைக் கூட்டிக் கழுவினாலும் டிட்டர்ஜென்ட் போட்டுக் கழுவினாலும் விடாது. பெயரில் உள்ள எல்.சி., பயோட்டினைப் புரதத்தோடு இணைக்கும் நீட்டிய கை. அது ஏன் என்றால், பயோட்டின் போய் உட்காரும் ஸ்ட்ரெப்டாவிடினின் பை ஆழமானது. கை குட்டையாக இருந்தால் புரதத்தின் உடம்பே குறுக்கே நிற்கும்.

எனக்கு இதில் உண்மையிலேயே பிடித்தது சல்ஃபோ பகுதி. மின்னேற்றம் இருப்பதால் தண்ணீரில் கரையும், செல் சவ்வைத் தாண்டாது. உயிருள்ள செல்களை ஐஸ் மேல் வைத்து இதை ஊற்றினால் வெளிப்புறத்தில் இருக்கும் புரதங்களில் மட்டும் ஒட்டும். பிறகு கிளைசின் போட்டு மிச்சத்தை அடக்கி, செல்களை உடைத்து, ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளில் இழுத்துப் பார்க்கலாம். ரிசெப்டார் மேற்பரப்பில் எவ்வளவு இருக்கிறது, உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் கண்ணெதிரே தெரியும். இழுத்த லேனில், செல்லுக்குள் இருக்கும் புரதமான ஆக்டின் இல்லாமல் சுத்தமாக இருப்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு இன்றுவரை குறையவில்லை.

இத்தனையையும் கெடுப்பது அந்தப் பாட்டில்.

பொடியின் ஒட்டும் முனையான என்.எச்.எஸ். எஸ்டர், புரதத்திலுள்ள லைசினின் அமீனோடு வினைபுரிவதுபோலவே தண்ணீரோடும் வினைபுரியும். பி.எச். 7, பூஜ்ய டிகிரியில் அதன் அரை ஆயுள் நாலைந்து மணி நேரம். பி.எச். 8.6 ஆனால், நாலு டிகிரியில்கூட பத்தே நிமிடம். கரைசலாக்கி வைத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு தடவையும் பொடியைத்தான் திறக்க வேண்டும். இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிகிராம் ஆன்டிபாடிக்கு இருபது மடங்கு மோல் கணக்கில் போட்டாலும் 0.08 மில்லிகிராம்கூடத் தேவைப்படாது. மேற்பரப்பு வேலைக்குக் கூடுதலாகப் பிடிக்கும் என்றாலும் நூறு மில்லிகிராம் தீர்வதற்குள் பாட்டிலை எத்தனை தடவை திறந்து மூட வேண்டியிருக்கும்!

அதுவும் சென்னையில். மைனஸ் இருபதிலிருந்து எடுத்து வைத்த சில நிமிடங்களில் கண்ணாடி மேல் நீர் முத்து முத்தாகக் கோக்கிறது. அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது, காத்திருக்கிறேன். அப்படிக் காத்திருந்து திறந்தும், உள்ளே இழுக்கும் ஈரக் காற்றை என்ன செய்வது? மாதங்கள் போகப் போக, பொடி மழைக்கால உப்பு மாதிரி கட்டி தட்டுகிறது. கடைசியாக வந்த பாட்டிலோ உருகிப்போன ஜெல் பேக்குகளுக்கு நடுவே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றுகூட இல்லாமல் வந்தது. விற்பவரிடம் கேட்டால் 'ஈரமில்லாமல் வைக்கவும்' என்று அச்சிட்ட தாளைத் திரும்ப அனுப்புகிறார்கள். இந்த விலைக்கு அதைச் சொல்ல அவர்களுக்கு எப்படி மனம் வருகிறது என்று இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது.

ஈரத்தில் எஸ்டர் உடைந்து செத்த பொடியும் உயிருள்ள பொடியும் ஒரே வெள்ளை. புரதத்தில் ஒட்டும் ஒளிரும் சாயமான ஃப்ளூரசீன் ஐசோதயோசயனேட்டில் இந்தக் கண்கட்டு இல்லை. ஜெல் நிரப்பிய பிரிப்புக் குழாயில் மஞ்சள் பட்டை ஒன்று புரதத்தோடு முன்னால் இறங்கும், ஒட்டாத சாயம் பின்தங்கி வரும். முன்பட்டை வெளுத்திருந்தால் வேலை ஆகவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்தச் சாயத்துக்கும் குறை உண்டு: மைக்ராஸ்கோப் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும், அமிலப் பக்கம் போனால் ஒளிர்வு குறையும். ஆனால் அது எதையும் மறைப்பதில்லை.

பயோட்டின் பொடியைச் சோதிக்க வழி இருக்கிறது. கொஞ்சம் கரைத்து, 260 நானோமீட்டரில் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்துவிட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மறுபடி அளந்தால், உயிருள்ள எஸ்டர் உடைந்து அளவு ஏறும். ஏறாவிட்டால் குப்பைக்கூடைதான். இப்போது இதைச் செய்யாமல் நான் எந்தச் செல்லையும் தொடுவதில்லை. புரதத்தில் எத்தனை ஒட்டியது என்று ஹாபா சாயத்தை வைத்து எண்ணலாம். ஆனால் அதற்குள் ஆன்டிபாடியைச் செலவழித்து முடித்திருப்போம்.

ஆக, அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது: ரசாயனம் அருமை, பாட்டில் வேண்டாம். ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லிகிராம் என்று தனித்தனியாக அடைத்த குழாய்கள் கிடைக்கின்றன. மில்லிகிராம் கணக்கில் பார்த்தால் விலை பலமடங்கு. மேற்பரப்புப் புரத வேலை கட்டாயம் இருந்தால் அதை வாங்கு. ஆன்டிபாடிக்கு வெறுமனே அடையாளம் ஒட்டத்தான் என்றால், இந்த வருடம் சாயமே வாங்கிக்கொள். நானும் அதைத்தான் ஆர்டர் போட்டிருக்கிறேன்.