சல்பாசலசினா, மெசலசினா? ஒரு நோயாளியின் கணக்கு

பெருங்குடலில் புண்ணும் அழற்சியும் உண்டாகும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனக்கு இருப்பது உறுதியாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் எட்டு மாதங்கள் சல்பாசலசின் உட்கொண்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை மெசலசின். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவரின் தம்பிக்கு அண்மையில் இதே நோய் கண்டறியப்பட்டதால், இவ்விரண்டில் எது நல்லது என்று அவர் என்னிடம் கேட்டார். ஆசிரியர் அறையில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லை. நான் மெசலசின் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் அடிப்படையில் ஒரே மருந்துதான். சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், மூட்டுவாதத்தை மனத்தில் வைத்து சல்பாசலசினை உருவாக்கச் செய்தார். 1940-களின் தொடக்கத்தில் அது குடல் அழற்சியையும் தணிப்பது தெரியவந்தது. அந்த மாத்திரையில் சல்பா மருந்து ஒன்றும் 5-அமினோசாலிசிலிக் அமிலமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அறுத்த பிறகே மருந்து வேலை செய்யத் தொடங்கும். குணம் தருவது எந்தப் பாதி என்ற கேள்விக்கு 1977-இல் ஆக்ஸ்போர்டில் ஆசாத் கான், டிரூலவ் ஆகியோர் அடங்கிய குழு விடை கண்டது: அமிலப் பாதியே குணம் தருகிறது; சல்பா பெரும்பாலும் அதைச் சுமந்து செல்லும் வண்டி மட்டுமே. அந்த வண்டியை விலக்கிவிட்டு, மருந்து சிறுகுடலின் மேற்பகுதியிலேயே முழுவதும் உறிஞ்சப்படாதபடி பூச்சோ மணிகளோ கொண்டு தயாரித்ததே மெசலசின். தலைவலி, குமட்டல், பசியின்மை, தோல் தடிப்பு ஆகிய தொல்லைகளில் பெரும்பகுதி அந்த வண்டியால் வருவதே.

சல்பாசலசினின் நிறைகளை மறைக்க விரும்பவில்லை. அது விலை குறைந்தது. குடல் நோயோடு முழங்கால், கணுக்கால் மூட்டுகளிலும் வலி உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்துத் தணிக்கக்கூடியது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு முதல் நாள் நான் அஞ்சியது வீண். அதனால் தீங்கு இல்லை. ஃபோலிக் அமிலம் உடலில் சேர்வதை அது தடுப்பதால் அந்த மாத்திரையையும் கூடவே தருவார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்கள், அது விந்தணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்பதையும், நிறுத்திய இரண்டு மூன்று மாதங்களில் அக்குறை பெரும்பாலும் சீராகும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. இக்காலக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே தொப்புள்கொடி இரத்தத்தில் அதைச் சோதித்துவிடுகிறார்கள். தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த எங்கள் அப்பா தலைமுறையினர், இந்த மருந்தைத் தொடங்குமுன் அதைக் கேட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தவை இவற்றில் எதுவுமல்ல. இரத்தப் பரிசோதனை என்ற ஒன்றே. சல்பாசலசின் அரிதாக வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும், கல்லீரலையும் பாதிக்கும். இவை பெரும்பாலும் முதல் சில மாதங்களில் நிகழ்வதால், முதல் மூன்று மாதங்களுக்கு இரு வாரத்துக்கு ஒரு முறையும், அடுத்த மூன்று மாதங்களுக்கு மாதம் ஒரு முறையும், அதன் பிறகு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்க்குமாறு மருந்துக் குறிப்பு கூறுகிறது. அரை ஆண்டில் ஏறத்தாழ ஒன்பது முறை. நிபுணர் இருக்கும் ஈப்போ நகரிலேயே வாழ்பவருக்கு இது பெரிய காரியமன்று. எனக்கோ அது முப்பது கிலோமீட்டர்ப் பயணம், அரை நாள் விடுப்பு, என் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆசிரியர். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்). செலவாவது பணமன்று, நாள். ஊரிலுள்ள கிளினிக்கிலேயே இரத்தம் எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தேன், முடிவுத்தாள் ஓரிடத்திலும் அதைப் படித்து முடிவெடுக்க வேண்டிய நிபுணர் வேறிடத்திலும் இருந்தார்கள்.

ஒன்பதில் இரண்டைத் தவறவிட்டேன். இரண்டாவதைத் தவறவிட்ட வாரத்தில் எனக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தன. வேறு எவருக்கும் அது வெறும் சளிக்காய்ச்சல். சல்பாசலசின் உட்கொள்பவருக்கோ அது வெள்ளை அணுக்கள் வீழ்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே இரத்தத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தேன், அணுக்கள் சரியாகவே இருந்தன. ஆனால் ஆய்வுக்கூடத்தின் வாசலில் முடிவுக்காகக் காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில், மலிவான மருந்து என்று நான் எண்ணியதன் உண்மையான விலை விளங்கிவிட்டது. பரிசோதனையும் சேர்ந்ததுதான் அந்த மருந்து. பரிசோதனைக்குப் போக முடியாதவன் பாதி மருந்தைத்தான் உட்கொள்கிறான், அதுவும் ஆபத்தான பாதியை.

மெசலசினுக்குக் கண்காணிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அரிதாகச் சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்கும். வலியோ வீக்கமோ இல்லாமல் ஓசையின்றி வரக்கூடியது அது. இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். தொடங்குமுன் ஒரு முறை, முதல் சில மாதங்களுக்குள் ஒரு முறை, பின்னர் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை என்று எனக்குச் சொல்லப்பட்டது; சிறுநீரகம் முன்பே பழுதானவர்களுக்கு இன்னும் அடிக்கடி தேவைப்படும். இரு வாரத்துக்கு ஒரு முறை வரும் நாளை எவரும் நினைவூட்டுவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வருவதோ மறந்துபோகும். அதனால் தைப்பூசத்துக்கு ஈப்போவின் கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த மறுவாரம் என்று நான் அதை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். மருந்து தொடங்கிய சில நாள்களிலோ வாரங்களிலோ வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் குறையாமல் கூடினால், நோய் முற்றிவிட்டதாக மட்டும் எண்ணாமல் மருந்தே ஒவ்வாமல் போயிருக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

நாளுக்கு ஒரே வேளை என்பது இதன் இன்னொரு வசதி. ஒரு நாளைய அளவை ஒரே தடவையில் உட்கொண்டாலும் பலன் குறைவதில்லை. காலைத் தேநீருக்கு முன் இரண்டு கிராம் மணிகளை நாக்கில் கொட்டி, மெல்லாமல் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறேன். மென்றால் மருந்து வெளிவரும் இடம் மாறிவிடும். நோய் ஆசனவாய்க்கு அருகிலேயே நிற்பவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்தே முதன்மையானது. இன்னும் மேலே பரவியிருந்தாலும் வாய்வழி மருந்தை மட்டும் உட்கொள்வதைவிட இரண்டையும் சேர்ப்பது கூடுதல் பலன் தரும். நம்மவர்கள் வெட்கப்பட்டே அதைத் தவிர்க்கிறார்கள். அந்தப் பெட்டியை வெயிலில் நிற்கும் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் இந்த ஒப்பீட்டில் சேராது. நோய் கொழுந்துவிடும்போது சில வாரங்களுக்கு மட்டும் வந்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட வேண்டிய மருந்து அது. இனிப்புநீர் உள்ள நம் குடும்பங்களில் அது சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதையும் மறக்கலாகாது. குடல் அழற்சியின் இன்னொரு வகையான கிரோன் நோயுள்ளவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அந்நோய் இல்லை, அதில் மெசலசினின் பலன் மிகக் குறைவென்றே நிபுணர்களும் கருதுகிறார்கள்.

எந்த மருந்தைத் தேர்ந்தாலும் எங்கள் ஊரில் ஓர் ஆபத்து பொதுவானது. செம்பனைக் குலை வெட்டி முதுகு நொந்தவர்களின் வீடுகளில் பொன்ஸ்டான், வோல்ட்டாரன் ஆகிய வலி மாத்திரைகள் இல்லாத அலமாரி கிடையாது. இவையும் அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் என்றே அழைக்கப்படுகின்றன. அந்தப் பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. குடலின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை அவை தடுப்பதால், அடங்கியிருந்த நோயைக் கிளப்பிவிடக்கூடும். மெசலசினோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் இரட்டைச் சுமை. போன ஆண்டு பல் வலியில் நான் முனகியபோது, அப்பா தம் முதுகுக்கு வாங்கி வைத்திருந்த அட்டையிலிருந்து ஒரு பொன்ஸ்டானை அன்போடு நீட்டினார். அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பனடோல் (பாராசிட்டமால்) இரண்டை விழுங்கி, பல் மருத்துவரின் படிவத்தில் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் முதல் வரியிலேயே எழுதினேன்.