ஸ்பிரிங்கில் சேர்ந்த சொரோரிட்டி: படிப்பு முடிந்த பிறகு என் கணக்கு

தோழியின் தங்கை அமெரிக்காவில் முதல் வருடம் படிக்கிறாள். சொரோரிட்டி என்பது அங்கே கல்லூரிப் பெண்கள் சேருகிற சங்கம், அதற்கென்று பல இடங்களில் ஒரு வீடும் இருக்கும். சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் ஆகஸ்ட் ரஷ்ஷுக்குப் பெயர் கொடுத்து, இரண்டாவது சுற்றோடு விலகிவிட்டாள். இப்போது ஸ்பிரிங் செமஸ்டர் தொடங்கியதும் ஒரு சாப்டரிலிருந்து, அதாவது ஒரு சொரோரிட்டியின் கேம்பஸ் கிளையிலிருந்து, காபி குடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அக்கா, நீங்களும் இப்படித்தானே சேர்ந்தீங்க? போகட்டுமா?" என்று கேட்டாள். போனில் சொன்னபோது நல்லதிலும் பாதி விட்டுப்போனது, கெட்டதிலும் பாதி விட்டுப்போனது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. ரஷ்ஷுக்கு வெளியே நடக்கும் இந்தச் சேர்க்கை, சிஓபி என்பார்கள், எனக்குக் கொடுத்தது ஒரு சமையலறை மேசை. என்னைக் கூப்பிட்ட சாயங்காலம் யாரும் ஒரே நிறத்தில் உடுத்தி வரிசையில் நிற்கவில்லை. ஒருத்தி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து மைக்ரோவேவில் எதையோ சூடு பண்ணினாள். இரண்டு பேர் குப்பையை யார் வெளியே வைப்பது என்று நிஜமாகவே சண்டை போட்டார்கள். நான் பாட்டுக்கு உட்கார்ந்து நினைத்ததையெல்லாம் கேட்டேன். ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால் என்ன செய்வீர்கள், சைவம் சாப்பிடுகிறவளுக்கு இந்த வீட்டில் என்ன கிடைக்கும், சனிக்கிழமை ராத்திரி ரூமிலேயே இருந்தால் ஒரு மாதிரி பார்ப்பீர்களா, எல்லாம்.

பணம், அரசியல், மதம், குடி, பையன்கள் ஆகிய ஐந்தையும் பேச்சில் எடுக்காதே என்று ஆகஸ்ட் ரஷ்ஷில் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். வீட்டில் அப்பாவிடம் செலவைச் சொல்ல வேண்டிய ஒரு பெண்ணுக்கு முதலில் தெரிய வேண்டியதே பணம்தான். அந்த மேசையில் சாப்டரின் பொருளாளர் லேப்டாப்பைத் திருப்பி வைத்து, ட்யூஸ் என்கிற உறுப்பினர் கட்டணம் எவ்வளவு, முதல் செமஸ்டரில் ஏன் கூடுதல், பேட்ஜுக்குத் தனியாக எவ்வளவு, வீட்டில் தங்காதவர்களும் கட்ட வேண்டியது என்ன என்று வரி வரியாகக் காட்டினாள். நான் அங்கே சேர முடிவெடுத்தது அந்த நிமிடம்தான்.

மிச்சம் விழுந்தவர்கள் போகிற வழி இது என்று கேம்பஸில் சொல்லுவார்கள். அது தவறு. என்பிசி என்பது 26 சொரோரிட்டிகளின் கூட்டமைப்பு. அதைச் சேர்ந்த சாப்டர் ஒவ்வொன்றிலும் இத்தனை பேர் வரை இருக்கலாம் என்று கேம்பஸ் அளவில் ஒரு எண்ணிக்கை வைப்பார்கள். அதற்குக் கீழே இருக்கிற சாப்டர் ரஷ் முடிந்த பிறகும் ஆள் எடுக்கலாம். டிசம்பரில் சிலர் பட்டம் வாங்கிப் போனாலே எண்ணிக்கை இறங்கிவிடும். அதை வைத்து ஒரு சாப்டரின் தரத்தைச் சொல்ல முடியாது. இந்த வழிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2013 செப்டம்பரில், அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்களை நிறம் பார்த்து ஒதுக்கியதை மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட் வெளிப்படுத்தியது. நிர்வாகம் உடனே செய்தது இந்த சிஓபியைத் திறந்துவிட்டதுதான். ரஷ் மூடிய கதவு அந்த வழியாகத்தான் திறந்தது. இதை மட்டமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தங்கைக்கு இன்னொன்றும் சொன்னேன். தெற்காசியப் பெண்களுக்கென்று தொடங்கிய சொரோரிட்டிகளும் இருக்கின்றன. ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸில் சிக்மா சிக்மா ரோ, மூன்றுமே 1998-இல் தொடங்கியவை. இவை என்பிசிக்கு வெளியே இருக்கின்றன, சேரும் முறையும் வேறு. நான் படித்த இடத்தில் இவை இல்லை. அவள் கேம்பஸில் இருந்தால் அங்கேயும் போய்ப் பார்க்கட்டும்.

சரி, இப்போது கெட்டது. சேர்ந்த பிறகு ஆகஸ்ட் ரஷ்ஷை நடத்தும் பக்கம் நாங்கள்.

என்னைச் சமையலறை மேசையில் உட்கார வைத்துப் பேசிய அதே பெண்கள், வகுப்புத் தொடங்கும் முன்பே வந்து வாசலில் கூட்டமாக நின்று கைதட்டிக் கோஷம் போடப் பயிற்சி எடுக்க வேண்டும். நானும்தான். காலையிலிருந்து இரவு வரை. எந்த நாளுக்கு என்ன நிற உடை என்று பட்டியல் வரும், இல்லாததை வாங்கியாக வேண்டும். வராவிட்டால் அபராதம். "காலேஜ் திறக்க இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள எதுக்குடி ஓடுற?" என்று அம்மா ஒவ்வொரு வருடமும் கேட்பார். சொல்லப் பதில் இருந்ததே இல்லை.

அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சை வெட்டுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சில நிமிடம்தான் ஒருத்தியிடம் பேசலாம். அடுத்தவள் வந்து தோளைத் தொட்டதும் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். ஒரு பெண் தன் பாட்டி வீட்டில் வளர்ந்த கதையை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாக்கியம் முடியவில்லை, தோளில் கை விழுந்தது. எழுந்து போய் அவளுக்கு மதிப்பெண் போட்டேன். மறுநாள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அந்தப் பாட்டி கதையின் மீதி எனக்கு இன்றுவரை தெரியாது.

சாப்டர் மீட்டிங்கில் எழுந்து கேட்டேன். நம்மில் பலர் மேசையில் உட்கார்ந்து பேசித்தான் சேர்ந்தோம், மற்றவர்களையும் ஏன் அப்படியே எடுக்கக் கூடாது? கால அட்டவணையும் விதியும் எல்லா சாப்டருக்கும் பொது, நாம் மட்டும் மாற்ற முடியாது என்றார்கள். அது உண்மைதான். அலபாமா மாதிரி கேம்பஸில் 2,000 பேருக்கு மேல் பெயர் கொடுக்கிறார்கள். அத்தனை பேரையும் காபிக்குக் கூட்டிப்போக முடியாது. எங்களை மேய்த்த முன்னாள் மாணவிகளும் சம்பளம் இல்லாமல் ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் சாப்டர் சின்னது. எங்களிடம் மேசையும் இருந்தது, நேரமும் இருந்தது. பெரிய கேம்பஸுக்கான வழக்கத்தை நாங்கள் ஏன் தூக்கிச் சுமந்தோம் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மற்றபடி நான் பெற்றது நிறைய. காய்ச்சலில் படுத்திருந்தபோது சொல்லாமலே நோட்ஸ் வாசலுக்கு வந்தது. வேலைக்காகப் புது ஊருக்கு வந்தபோது வீடு பார்த்துக் கொடுத்தது என் 'பிக்', சாப்டரில் எனக்கு அக்காவாக அமைந்த மூத்த உறுப்பினர். கல்யாணத்துக்கு அவள் புடவை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள், அம்மா அவளை இன்னும் விசாரிக்கிறார்.

தங்கை காபிக்குப் போகட்டும். ட்யூஸ் தாளைக் கேட்டு வாங்கட்டும். வீட்டில் தங்கியே ஆக வேண்டுமா என்று கேட்கட்டும். கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் அதே கேம்பஸில் இன்னொன்றில் சேரக் காத்திருக்க வேண்டிவரும். முழு உறுப்பினராக்கும் இனிஷியேஷன் சடங்கு முடிந்துவிட்டாலோ அந்த 26-இல் வேறு எதிலும் ஆயுளுக்கும் சேர முடியாது. அப்புறம், ஆகஸ்டில் எந்தத் தேதிக்குத் திரும்ப வேண்டும், வராவிட்டால் எவ்வளவு அபராதம் என்பதையும் கேட்கட்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இந்த வாரம் என்னைக் கேட்டால் சேராதே என்றுதான் சொல்வேன். என் சாப்டர் வரும் ஆகஸ்டுக்கான உடைப் பட்டியலை நேற்றே போட்டுவிட்டது. இந்த முறை அது இன்னும் நீளம்.