துல்லியத்துக்காகத் தோட்டா நிரப்பக் கற்பது: ஒஹாயோ சுடுகழகம் ஒன்றின் ஒருநாள் வகுப்பு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரியின் தென்கரையை ஒட்டிய ஊர்களில், கைத்துப்பாக்கி சுடுதலை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர் உண்டு. 1907 முதல் தேசியப் போட்டிகளின் களமாக இருந்துவரும் கேம்ப் பெரி அந்தக் கரையில்தான் இருக்கிறது. அப்பகுதிச் சுடுகழகம் ஒன்று நடத்தும் ஒருநாள் ரீலோடிங் வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சீராக்கி, அதில் புதிய பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை வைத்து மறுபடியும் தோட்டாவாக்குவதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். செலவு குறையும், துல்லியம் கூடும் என்று வகுப்பின் அறிவிப்பு இரண்டு வாக்குறுதிகளைத் தருகிறது. பாதுகாப்பாக நிரப்பக் கற்றுத்தருவதில் இந்த வகுப்புக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். துல்லியத்தைப் பற்றிய வாக்கைப் பாதிதான் காப்பாற்றுகிறார்கள், ஆனால் அந்தப் பாதியே கட்டணத்துக்குத் தகும் என்பது என் கருத்து.

தமிழ் வாசகர்கள் கட்டணம் கட்டுவதற்கு முன்பு பார்க்க வேண்டியது தங்கள் விசா நிலையை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், அவை தமக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்காமல் யாரும் வகுப்பில் போய் உட்காரக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதைத் தொழிலாக நடத்தினால் தேவை. இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், இங்கே கற்றதை ஊரில் செய்து பார்க்கும் எண்ணத்துக்கே இடமில்லை.

வகுப்பை நடத்துபவர் தேசிய ரைஃபிள் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர். பணி ஓய்வுக்கு முன்பு இயந்திரப் பட்டறையில் அச்சுகள் செய்தவர். அந்தத் தொழில் அனுபவம் வகுப்பு முழுவதும் தெரிகிறது. ஆளுக்கொரு ஒற்றைநிலை பிரஸ், அதாவது அச்சைப் பொருத்திக் கூட்டை அமுக்கும் கைப்பிடி இயந்திரம், கொடுக்கிறார்கள். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு வேலைதான் நடக்கும் என்பதால், கூட்டை அளவுக்கு அமுக்குவது, பிரைமர் வைப்பது, வாயைச் சற்று விரிப்பது, மருந்து இடுவது, குண்டை அமர்த்துவது, வாயை மீண்டும் இறுக்குவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து முடித்தாக வேண்டும். ஒரே இழுப்பில் எல்லா நிலைகளும் சேர்ந்து நகரும் புரோகிரஸிவ் இயந்திரம் ஒன்று மூலையில் இருந்தும், மாலைவரை அதைத் தொட விடவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது, ஏனென்றால் நான்கு ஐந்து வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது எந்த நிலையில் தவறு புகுந்தது என்பது புதியவர் கண்ணுக்குப் படவே படாது.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது .45 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) என்ற தோட்டா வகை. 1911ஆம் ஆண்டு அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட பிஸ்டலின் தோட்டா இது; ஒற்றைக் கையால் 25 கெஜத்திலும் 50 கெஜத்திலும் சுடும் புல்ஸ்ஐ போட்டியில் இன்றும் தவிர்க்க முடியாதது. நேர்ச்சுவர் கொண்ட கூடு என்பதால் கார்பைடு என்ற கடினப் பொருளாலான அச்சில் மசகு பூசாமலே அமுக்க முடிகிறது. தொடக்கநிலையினருக்குப் பிடிபடக்கூடிய அளவில் பெரியது. ஒரே ஒரு தொல்லை, பழைய .45 கூடுகள் பெரிய பிரைமரையும் புதிய கூடுகளில் சில சிறிய பிரைமரையும் ஏற்பவை. இரண்டும் கலந்து கிடந்தால் பிரஸ் நடுவழியில் முட்டிக்கொண்டு நிற்கும். பிரித்து வைத்த கூடுகளைத் தராமல், கலந்த வாளியை எங்கள் முன் வைத்து எங்களையே பிரிக்கச் சொன்னார்கள். முதலில் வெட்டிவேலையாகத் தோன்றினாலும், விரிசல் விட்ட கூட்டைக் கண்டுபிடிக்கும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது.

மருந்து அளக்கும் பகுதியில் பயிற்றுநர் காட்டிய கண்டிப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். வேலை முடிந்ததும் மிச்சம் அதே டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். மருந்தின் எடையைக் கிரெயினில் அளக்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 0.065 கிராம். தராசை முதலில் சோதனை எடைக்கல்லால் சரிபார்க்க வேண்டும். எத்தனை கிரெயின் என்பதற்கு நண்பர் சொன்னதையோ இணையத்தில் படித்ததையோ ஏற்கக் கூடாது, மருந்தைத் தயாரித்தவர் வெளியிடும் அட்டவணையில் அதே எடைக் குண்டுக்கு என்ன இருக்கிறதோ அதன் கீழ் எல்லையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வேகமாக எரியும் பிஸ்டல் மருந்துகளில் தேவையான அளவு மிகக் குறைவு. கூட்டின் உள்ளே பாதிகூட நிறையாது. அதனால் தவறி இரண்டு முறை இட்டாலும் வழியாமல் உள்ளேயே அடங்கிவிடும், அந்தத் தோட்டா துப்பாக்கியையே பிளந்துவிடக்கூடும். மருந்தே இடாமல் விட்டால் ஆபத்து வேறு விதம். பிரைமரின் உந்துதலில் மட்டும் நகர்ந்த குண்டு குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது வெடிக்கும். இந்த இரண்டுக்கும் ஒரே காப்பு, குண்டு வைப்பதற்கு முன்பு கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைக் கண்ணால் பார்ப்பது. பேசிக்கொண்டே தட்டைப் பார்த்தவர்களைப் பயிற்றுநர் முதல் கூட்டிலிருந்து மீண்டும் பார்க்க வைத்தார்.

பிற்பகலில்தான் துல்லியம் பற்றிய பேச்சு தொடங்கியது. வகுப்பின் மிகச் சிறந்த பகுதி அதுவே. மருந்தின் எடையில் 0.1 கிரெயின் கூடிற்றா குறைந்ததா என்பதிலேயே புதியவர்கள் மூழ்கிவிடுகிறார்கள், ஆனால் கைத்துப்பாக்கி தூரத்தில் அதைவிட முக்கியம் குண்டின் விட்டமும் கூட்டு வாயின் இறுக்கமும் என்று அவர் சொன்னார். செம்பு உறையிட்ட .45 குண்டு 0.451 அங்குல விட்டம் கொண்டது. ஈயக் குண்டு வழக்கமாக 0.452. ஈயம் குழலின் வரிப்பள்ளங்களை முழுமையாக அடைத்தால்தான் வாயு பக்கவாட்டில் கசியாது. கசிந்தால் ஈயம் குழலில் படியும், குண்டுகளும் ஒரே இடத்தில் படாமல் அங்குமிங்கும் விலகிப் போகும்.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் அவர் செய்து காட்டிய சோதனையை விவரித்தே ஆக வேண்டும். ஓர் ஈயக் குண்டை, விட்டம் அளக்கும் கருவியான காலிப்பரில் அளந்து எல்லோருக்கும் காட்டினார். அதை வேண்டுமென்றே மிகையாக இறுக்கிய அச்சில், மருந்தும் பிரைமரும் இல்லாத கூட்டில் அமர்த்தினார். பிறகு, தோட்டாவைப் பிரிக்கப் பயன்படும் பிளாஸ்டிக் சுத்தியலில் அதைப் பொருத்தி மரக்கட்டையில் இரண்டு தட்டுத் தட்டிக் குண்டை வெளியே எடுத்து மறுபடி அளந்தார். விட்டம் குறைந்திருந்தது, குண்டின் இடுப்பைச் சுற்றி, கூட்டின் வாய் பதிந்த மெல்லிய கோடு ஒன்று வளையமாகத் தெரிந்தது. பித்தளை சற்றே துள்ளித் தன் பழைய நிலைக்கு வர முயலும், ஈயம் அமுங்கிய இடத்திலேயே நின்றுவிடும். எனவே அதிகமாக இறுக்கினால் குண்டும் சிறுத்துப் போகும், பிடியும் தளர்ந்து போகும். இறுக்கினால் நன்றாகப் பிடிக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் அந்த நம்பிக்கை போய்விட்டது. .45க்கு வாயின் வெளிவிட்டம் 0.470 அங்குலத்தை ஒட்டி இருந்தால் போதும். விரித்த வாயை நேராக்குவதுதான் அந்த இறுக்கத்தின் வேலை.

அடுத்தது குழலில் போட்டுப் பார்ப்பது. பிஸ்டலின் குழலைக் கழற்றி, நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்து, தோட்டாவை அதற்குள் விட வேண்டும். ‘ணக்’ என்று விழுந்து, விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழன்று, குழலைக் கவிழ்த்தால் தானே வெளியே விழ வேண்டும். .45 ஏசிபி தோட்டா, குழலின் பின்முனையில் அது அமரும் அறைக்குள் தன் வாய் விளிம்பில்தான் நிற்கிறது என்பதால், கூட்டு வாயின் ஒவ்வோர் ஆயிரத்திலொரு அங்குலமும் இங்கே தெரிந்துவிடும். கடைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும்படி செய்யப்படுவது. நாம் நிரப்புவது நம் குழல் ஒன்றுக்கு மட்டும் பொருந்தினால் போதும். மறுநிரப்பலால் வரும் துல்லியத்தில் பெரும்பங்கு இந்தச் சலுகையிலிருந்தே வருகிறது. மீதிப் பங்கு, மிதமான மருந்தால் உதைப்பு குறைந்து கை அடுத்த குண்டுக்குச் சீக்கிரம் நிலைக்கு வருவது.

இனி என் குறை. துல்லியம் கூடும் என்று விளம்பரப்படுத்திய வகுப்பு, துல்லியத்தை அளந்து காட்டவில்லை. நிரப்பிய தோட்டாக்களுடன் சுடுகளத்துக்கு அழைத்துச் சென்று, இரண்டு விதக் குண்டுகளில் ஐந்தைந்து சுடச் சொல்லி, எந்த அட்டையில் துளைகள் நெருக்கமோ அந்தக் குண்டே நல்லது என்று முடித்துவிட்டார்கள். நீட்டிய கையால் புதியவர் சுட்ட ஐந்து துளைகள் சுட்டவரைப் பற்றிச் சொல்லுமே தவிர, தோட்டாவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பிஸ்டலை இறுகப் பிடித்து வைக்கும் ரான்சம் ரெஸ்ட் போன்ற கருவி வேண்டும். அது விலை அதிகம் என்றால் மணல் மூட்டையில் கையைத் தாங்கியாவது, ஒவ்வொரு கலவையிலும் பத்துக்குக் குறையாமல், ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுட வேண்டும். புல்ஸ்ஐ அட்டையின் பத்து மதிப்பெண் வளையம் ஏறக்குறைய 3.4 அங்குல விட்டம் கொண்டது. 50 கெஜத்தில் அந்த வளையத்துக்குள் தோட்டா நிற்கிறதா என்ற கேள்விக்குத்தான் பதில் வேண்டும். 25 கெஜத்தில் கையால் சுட்ட அட்டை அதற்குப் பதில் ஆகாது. காலையில் அவ்வளவு கறாராக அளந்தவர்கள் மாலையில் இவ்வளவு தாராளமாக முடிவு சொன்னது எனக்கு ஏமாற்றமே.

செலவு பற்றிய வாக்குறுதியையும் அப்படியே நம்ப வேண்டாம். 2020க்குப் பிறகு பிரைமர் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தபின், சாதாரண 9 மி.மீ. பயிற்சித் தோட்டாவை நிரப்பி மிச்சம் பிடிப்பது அரிது; .45 போட்டித் தோட்டாவில் மிச்சம் உண்டு, ஆனால் பிரஸ், அச்சு, தராசு எல்லாம் வாங்கிய காசு திரும்புவதற்குள் ஏராளமாகச் சுட்டிருக்க வேண்டும். லீ, ஆர்சிபிஎஸ், டில்லன் என்று எந்த நிறுவனத்தின் பொருளையும் வகுப்பில் திணிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். காசை முதலில் நல்ல தராசிலும் காலிப்பரிலும் போடுங்கள் என்பதே பயிற்றுநரின் பரிந்துரை.

ஈயத்தைப் பற்றிய எச்சரிக்கை நன்றாக இருந்தது: மேசையருகே உணவு கூடாது, கூடு சுத்தம் செய்யும் தூளை வீட்டுக்குள் கொட்டக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், தொடர்ந்து செய்பவர்கள் இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பவர்களுக்கு இது இன்னும் விரிவாக வேண்டியிருந்தது.

மாதம் ஒருமுறை பொழுதுபோக்காகச் சுடுபவருக்கு இந்த வகுப்பு தேவையில்லை. போட்டியில் இறங்கியவர், அல்லது இறங்க நினைப்பவர், தயங்காமல் சேரலாம். பதிவு செய்யும்போதே, சுடுகளப் பகுதியில் தாங்கி வைத்துச் சோதிக்க வசதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். சொந்த பிஸ்டல் வைத்திருப்பவர்கள் அதன் குழலைத் தனியே கழற்றி எடுத்து வரலாமா என்றும் கேளுங்கள். கழகத்தின் பொதுக் குழலில் தடையின்றி விழும் தோட்டா உங்களுடையதிலும் அப்படியே விழும் என்று சொல்ல முடியாது.