திருப்பாலை வயரிங் கடை: பழைய வீட்டுக்குக் கூடுதல் ப்ளக் பாயிண்ட்

எங்கள் பழைய வீட்டில் கூடுதல் ப்ளக் பாயிண்ட்டுகள் போடும் வேலையை, திருப்பாலையில் சிறு கடை வைத்திருக்கும் வயரிங்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் செய்து கொடுத்ததைவிட, செய்ய மறுத்ததை முதலில் சொல்வதே முறை.

கூடத்திலும் படுக்கையறையிலும் 6 ஆம்பியர் பாயிண்ட்டுகளை, ஏற்கெனவே இருந்த சுவிட்ச் பெட்டியிலிருந்தே நீட்டித் தர அவர் தயங்கவில்லை. கைப்பேசி சார்ஜரும் தொலைக்காட்சியும் இழுக்கும் மின்சாரம் சொற்பம். ஆனால் சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் பழைய லைனிலிருந்தே ஒரு பாயிண்ட் கேட்டபோது, முடியாது என்றார். அந்த லைனில் ஓடுவது 1.5 சதுர மி.மீ. வயர்; அதற்குக் காவல், மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் 10 ஆம்பியர் எம்.சி.பி. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் தனியாகவே ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும்; கூடவே 750 வாட் மிக்ஸியும் ஓடினால் 12 ஆம்பியரை எட்டிவிடும். எம்.சி.பி.யைப் பெரிதாக மாற்றினால் போதாதா என்று என் தம்பி கேட்டான். "மாத்தினா டிரிப் ஆகாது தம்பி, செவத்துக்குள்ள வயருதான் வேகும்" என்றார்.

எனவே வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் டி.பி. பெட்டியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் அதே அளவு சாக்கெட்டும் பொருத்தினார். செலவு கூடியது உண்மைதான். வீண் செலவென்று சொல்ல மாட்டேன்.

பழைய சாக்கெட்டுகள் சிலவற்றில் மூன்று துளைகள் இருந்தும் பின்னால் பச்சை வயரே இல்லாததைக் கண்டு, அவற்றுக்கும் எர்த் வயர் ஓட்டினார். வேலை முடிந்ததும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டியதோடு நிற்கவில்லை. அந்தப் பொத்தான் கருவியைத்தான் சோதிக்குமே தவிர எர்த்தைச் சோதிக்காது என்று விளக்கிவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் மின்சாரம் வரும் பேஸ் வயருக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் வைத்து, ஆர்.சி.சி.பி. உடனே டிரிப் ஆவதைக் காட்டினார். (இந்தச் சோதனையை வீட்டுக்காரர்கள் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம்.) வயர்கள் அனைத்தும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கொண்டவை.

குறை என்றால் பூச்சு வேலைதான். காடி வெட்டிய இடங்களைச் சிமெண்ட்டால் அடைத்தாரேயன்றி, சுவரோடு சமமாகத் தேய்த்துவிடவில்லை. அதற்குத் தனியாகக் கொத்தனாரை அழைக்க வேண்டியதாயிற்று. பொருளுக்கும் கூலிக்கும் பிரித்து எழுதிய பில்லும் கேட்ட பிறகே கிடைத்தது. அழைப்பவர்கள் இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது.