பிஎஸ்2 டிஸ்க் எடுக்கலையா: லென்ஸ் மாத்தலாமா, ஹார்டுடிஸ்க் போடலாமா?

செகண்ட்ஹேண்ட்ல ஒரு ஃபேட் பிஎஸ்2 வாங்குனேன், அதாவது சோனியோட பழைய பிளேஸ்டேஷன் 2 கேம் செட்டுல பெரிய சைஸ் மாடல் (சின்னது ஸ்லிம்), 50000 சீரிஸ். பவர் வருது, மெனு வருது, டிஸ்க் போட்டா கொஞ்ச நேரம் சுத்திட்டு சிவப்பு ஸ்கிரீன்ல போய் நிக்குது. இதுக்கு மூணு வழி இருக்கு: க்ளீன் பண்ணி அட்ஜஸ்ட் பண்றது, வேற லென்ஸ் (டிஸ்க்கப் படிக்கிற லேசர் பார்ட்டு) போடுறது, லென்ஸையே நம்பாம ஹார்டுடிஸ்க்ல இருந்து கேம் ஓட்டுறது. நான் மூணாவதுக்குப் போயிட்டேன், அதனால என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

ஆனா எதுக்கும் காசு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு பாருங்க. சிவப்பு ஸ்கிரீன் வந்தா லென்ஸ் போச்சுன்னு அர்த்தம் இல்ல, இந்த டிஸ்க்க என்னால ஏத்துக்க முடியலன்னு செட் சொல்லுது, அவ்ளோதான். பால் ரீஜன் (ஐரோப்பா பக்கம் வித்த) செட்ல அமெரிக்க டிஸ்க் போட்டாலும் இதே சிவப்புதான், சிப் (காப்பி டிஸ்க்கையும் ஏத்துக்க வைக்கிறது) போடாத செட்ல காப்பி டிஸ்க் போட்டாலும் இதே சிவப்புதான். நம்ம ஊர்ல பர்மா பஜார் காப்பி டிஸ்க்கும் சிப் போட்ட செட்டும்தான் ரொம்ப நாள் ஓடுச்சு, எழுதுன டிஸ்க் ஒரிஜினல் அளவுக்கு லேசர் வெளிச்சத்தத் திருப்பி அனுப்பாது, அதனால வயசான லென்ஸ் முதல்ல கைவிடுறது காப்பி டிஸ்க்கதான். அதே ரீஜன் ஒரிஜினல் ஒன்ன யார்கிட்டயாவது வாங்கிப் போட்டுப் பாருங்க.

அடுத்தது, டிஸ்க்கோட அடிப்பக்கம். நீலமா இருந்தா சிடி, வெள்ளியா இருந்தா டிவிடி. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, ரெண்டும் வேற வேற. ஒன்னு ஓடி இன்னொன்னு ஓடலன்னா அந்தப் பக்கம் மட்டும் வீக் ஆகியிருக்கு. பிஎஸ்1 கருப்பு டிஸ்க்கும் சிடிதான், அத வச்சும் டெஸ்ட் பண்ணலாம்.

க்ளீனிங் பத்தி பெருசா சொல்ல ஒன்னும் இல்ல. ஐசோப்ரொப்பில் ஆல்கஹால், காது குடையிற பஞ்சுக்குச்சி, ரெயில்ல கொஞ்சம் கிரீஸ். இதுலயே சரியாகிற செட் நிறைய இருக்கு. ஃபேட்ல லென்ஸ் பக்கத்துல ஒரு வெள்ளை கியர் இருக்கும், திருப்புறதுன்னா பழைய இடத்த மார்க் பண்ணிட்டுத் திருப்புங்க. லேசர் பவர ஏத்தி இறக்குற சின்னத் திருகு (பொட்டென்ஷியோமீட்டர்) இருக்கும், அத மட்டும் கடைசி வரைக்கும் தொடாதீங்க. ஏத்துனா இன்னைக்கு ஓடும், ஆனா மிச்சம் இருக்கிற ஆயுசத்தான் சீக்கிரம் செலவு பண்றோம்.

லென்ஸ் மாத்துறதுன்னா ஃபேட்டுக்கு கேஎச்எஸ்-400சி, ஸ்லிம்முக்கு பிவிஆர்-802டபிள்யூ மாதிரி நம்பர் வரும், பழசக் கழட்டி நம்பரப் பாத்துட்டு ஆர்டர் பண்ணுங்க. சில லென்ஸ்ல ஸ்டேட்டிக் பாதுகாப்புக்கு ஒரு ஈயப்பொட்டு வச்சிருப்பாங்க, அத எடுக்காம மாட்டுனா ஓடாது.

எனக்கு இடிச்ச இடம் பராமரிப்புதான். பிஎஸ்2 தயாரிப்பு 2013லயே நின்னுபோச்சு. இப்ப புதுசுன்னு விக்கிற லென்ஸ் பாதி எங்கயோ கழட்டித் தொடச்சது, இல்லன்னா டூப்ளிகேட். நல்லது வந்தா சந்தோஷம், ஆனா அதுவும் தேயிற பார்ட்டுதான், அடுத்த தடவ தேடும்போது இன்னும் கம்மியாதான் கிடைக்கும். ஹார்டுடிஸ்க் அப்படி இல்ல. போச்சுன்னா எந்தக் கம்ப்யூட்டர் கடையிலயும் இன்னொன்னு வாங்கலாம், எஸ்எஸ்டி கூட போடலாம், கேம் எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு பேக்கப் வச்சுக்கலாம். நம்ம ஒரிஜினல் டிஸ்க்க கம்ப்யூட்டர் டிவிடி டிரைவ்ல போட்டு ஐஎஸ்ஓ (டிஸ்க்க அப்படியே காப்பி பண்ண ஃபைல்) எடுத்துட்டு பத்திரமா உள்ள வச்சிடலாம், கீறல் பயமே இல்ல. ஃபேட்ல பின்னாடி இருக்கிற பேல (ஹார்டுடிஸ்க் உக்கார்ற காலி இடம்) நெட்வொர்க் அடாப்டர், அதுல ஹார்டுடிஸ்க், ஃப்ரீ மெக்பூட் (வெளி சாஃப்ட்வேர செட்ல ஓட விடுறது) ஏத்துன மெமரி கார்டு ஒன்னு, ஹார்டுடிஸ்க்ல இருக்கிற கேம ஓட்டுற ஓபன் பிஎஸ்2 லோடர்ங்கிற சாஃப்ட்வேர், இவ்ளோதான் வேணும். காட் ஆஃப் வார் 2 கேம் டபுள் லேயர் (ரெண்டு அடுக்கா டேட்டா இருக்கிற) டிஸ்க், வீக் லென்ஸ் அதுல திணறும், ஹார்டுடிஸ்க்ல அந்தப் பிரச்சனையே இல்ல.

ஸ்லிம்ல இந்த பே கிடையாது. யுஎஸ்பில ஓட்டலாம், ஆனா அது 1.1 போர்ட்டு, செகண்டுக்கு 1 எம்பி வந்தாலே பெருசு, உள்ள இருக்கிற டிவிடி டிரைவே 5 எம்பி கிட்ட படிக்கும், அதனால கேமுக்கு நடுவுல வர்ற வீடியோ எல்லாம் திக்கும். லேன் கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல இருந்து ஓட்டுறது எவ்வளவோ மேல். மெமரி கார்டு ஸ்லாட்ல எஸ்டி கார்டு சொருகுற எம்எக்ஸ்4எஸ்ஐஓவும் இருக்கு, அத நான் நண்பன் வீட்ல கொஞ்ச நேரம் பாத்ததோட சரி, அடிச்சுச் சொல்ல மாட்டேன். 90000 சீரிஸ்ல கடைசியா வந்த செட்டுகள்ல ஃப்ரீ மெக்பூட் வேலை செய்யாது, அதுக்குப் பதிலா அதே வேலையச் செய்யிற ஓபன்டூனா ஏத்துன மெமரி கார்டு கேட்டு வாங்குங்க.

அப்ப லென்ஸ் யாருக்கு? அலமாரி நிறைய பிஎஸ்1 டிஸ்க் வச்சிருக்கவங்களுக்கு. ஓபன் பிஎஸ்2 லோடர் நேரா பிஎஸ்1 கேம ஓட்டாது, அதுக்குத் தனியா பாப்ஸ்டார்ட்டர்னு ஒன்னு இருக்கு, எல்லா கேமும் அதுல ஒழுங்கா வராது. பின்னாடி விக்கிற எண்ணம் இருந்தாலும் டிஸ்க் எடுக்கிற செட்டுக்குத்தான் மதிப்பு. அந்த மாதிரி ஆளுங்க ரெண்டையும் செய்யலாம், நல்ல லென்ஸ் ஒன்னு போட்டுட்டு தினமும் ஆடுறத ஹார்டுடிஸ்க்ல வச்சுக்கிட்டா லென்ஸும் ரொம்ப நாள் வரும்.

அடாப்டர் வாங்கும்போது ஒன்னு பாத்துக்கோங்க: சோனியோட ஒரிஜினல்ல ஐடிஇங்கிற பழைய மாடல் ஹார்டுடிஸ்க் கனெக்டர்தான் இருக்கும், இப்ப கடையில கிடைக்கிற சாட்டா (புது மாடல் கனெக்டர்) டிரைவ் அதுல நேரா உக்காராது. சாட்டா போர்டு மாத்துனதா கேளுங்க, இல்லன்னா சாட்டாவோடயே வர்ற வேற கம்பெனி அடாப்டர் வாங்குங்க. அதுல சிலதுக்கு லேன் போர்ட் இருக்காது, ஹார்டுடிஸ்க் மட்டும் போதும்னா அதுவே போதும்.