எம்.பி.ஆர்.: தண்ணீர் பிரமாதம், கேஜ் முள்தான் தலைவலி

பள்ளத்தூரில் பழைய வீட்டை ஹோட்டலாக்கும் நண்பர் கேட்டார்: "அண்ணே, கழிவுநீருக்கு எம்.பி.ஆர். போடலாமா?" பாக்டீரியாவை விட்டு அழுக்கைத் தின்னவைத்து, மெம்பரேன் என்ற நுண்துளைத் தகடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும் மெஷின் அது. எங்கள் விடுதியில் மெம்பரேன் செட் மாற்றி இப்போதுதான் பில் கட்டியிருக்கிறேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

தண்ணீரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மெம்பரேன் துளை 0.04 முதல் 0.4 மைக்ரான், பெரும்பாலான பாக்டீரியா அதைத் தாண்டாது. டம்ளரில் பிடித்தால் கலங்கல் கிடையாது, நாற்றமும் கிடையாது. சேறு படியத் தனித் தொட்டி தேவையில்லை என்பதால் பின்கட்டு மூலையிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. இந்த வறண்ட சீமையில் எங்கள் தோட்டம் பச்சையாக இருப்பது அந்தத் தண்ணீரால்தான்.

எரிச்சல் எல்லாம் வேக்கம் கேஜில், அதாவது பம்ப் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று காட்டும் முள்ளில். பம்ப் உறிஞ்ச உறிஞ்ச மெம்பரேன் மேல் சேறு கேக்காகப் படிகிறது. பிறகு தண்ணீர் அந்தச் சேற்றையும் துளைத்துக்கொண்டு வரவேண்டும். அதே அளவு எடுக்க இழுப்பைக் கூட்டினால் கேக் இன்னும் இறுகும். ஃபில்டரில் காபித்தூளை அழுத்திவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காதே, அதே கதை. 9 நிமிடம் உறிஞ்சி 1 நிமிடம் பம்பை நிறுத்தி, அடியிலிருந்து ப்ளோயர் காற்று அடித்துக்கொண்டே இருந்தால் கேக்கில் பெரும்பகுதி உதிரும். பாக்டீரியா கக்கும் பிசின் துளைக்குள் இறங்கிவிட்டால் காற்றுக்கு அசையாது, ஹைப்போ (குளோரின் பிளீச் திரவம்) போட்டுக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவுக்கு சிட்ரிக் ஆசிட். இரண்டையும் கலக்கவே கூடாது; குளோரின் வாயு கிளம்பும்.

முகூர்த்தம் வந்தால் கந்தரப்பம், சீயம், வெள்ளைப் பணியாரம் என்று வாணலி ஓயாது. அடுப்படித் தண்ணீரில் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் டிராப் தொட்டியைத் தாண்டி எண்ணெய் வந்தால் முள் ஏறத் தொடங்கும். தகட்டைத் தூக்கிப் பார்த்தால் பழுப்புக் களி. விரலால் வழித்தால் கொழகொழவென்று வருகிறது. விற்றவரைக் கேட்டால், "எண்ணெய் வந்தா வாரண்டி இல்ல சார்" என்கிறார். செட்டிநாட்டு அடுப்படிக்கு விற்கும்போதே அதைச் சொல்ல வேண்டாமா? அநியாயம்!

மெஷின் மேல் குற்றமில்லை. தினமும் கேஜ் அளவைக் குறித்துவைக்க ஒரு ஆள் இருந்தால் நன்றாகவே ஓடும். ஆனாலும் நண்பருக்கு என் பதில், போடாதீங்க. உங்கள் பின்கட்டில் இடம் தாராளம், ஒரே தொட்டியில் காற்றடித்து, சேறு படியவிட்டு, தெளிந்த தண்ணீரை எடுக்கும் எஸ்.பி.ஆர். போட்டு, கடைசியில் ஒரு மணல் ஃபில்டர் வையுங்கள். எம்.பி.ஆர்.தான் வேண்டுமென்றால் முதலில் கிரீஸ் டிராப்பைப் பெரிதாகக் கட்டுங்கள். எண்ணெய்க்கு வாரண்டி உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.