முழுத் தடையா, குறிவைத்த தடையா?

குவைத்தைப் பிடித்த ஈராக் மீது 1990 ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்பு அவை ஏறக்குறைய எல்லா வணிகத்தையும் நிறுத்தியது. மருந்துக்கு விலக்கு உண்டு. சரி, எண்ணெய் விற்க முடியாத நாடு அதை எந்தக் காசில் வாங்கும்? ஈராக் நாணயமான தினார் சரிந்தது. சம்பளக்காரர்கள் நொடித்துப்போனார்கள். மக்கள் அரசு ரேஷனை நம்பியே வாழ்ந்தார்கள். தண்டிக்க நினைத்த ஈராக் அதிபர் சதாம் உசேனின் கையிலேயே அவர்கள் சோறு சிக்கியது. மனம் பொறுக்காமல் ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பாளர் டெனிஸ் ஹாலிடே 1998-இல் பதவி விலகினார்.

அதே ஆண்டு ஆப்பிரிக்க நாடான அங்கோலாவில் ஐ.நா.வுக்கு வேறு வழி. யுனிடா கிளர்ச்சிப் படைக்குப் பணம் தந்த வைரத்தைக் குறிவைத்தார்கள்: அரசுச் சான்றிதழ் இல்லாத கல்லை யாரும் வாங்கக் கூடாது. ஊராரின் அடுப்பில் கை வைக்காத இந்த வழிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. கடத்தல் நிற்கவில்லைதான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2003-இல், கிளர்ச்சிப் படைகளின் வைரம் அல்ல என்று நாடுகள் சான்றளிக்கும் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது.